செங்காந்தள்

மேற்கே ஏலமலையும் கிழக்கே வருசநாட்டு மலையும் அரண்போல் நிற்க, இடையே பசுமை போர்த்துக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை முடிவுற்று, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியபின், இந்நிலம் வயலும் தோட்டமுமாய்ப் பொலிவு பெற்றது. நெல்லும் வாழையும் திராட்சையும் இங்கு மனிதன் நட்டு வளர்ப்பவை. நடுவாரும் நீர் பாய்ச்சுவாரும் இன்றித் தானே முளைத்து, மலைச்சரிவின் புதரிலும் தோட்டத்து வேலியிலும் கார்காலத்தில் தீக்கொழுந்தெனப் பூக்கும் கொடி ஒன்றும் உண்டு. அதுவே செங்காந்தள்.

இக்கொடிக்கு இலையின் நுனியே பற்றுக்கம்பி. அந்நுனி சுருண்டு அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொள்ளும். பூவிற்கு இதழ் ஆறு. முதலிற் பச்சையாய், பின் மஞ்சளாய், முடிவிற் செக்கச் சிவந்து அவை மேல்நோக்கி வளையும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்களுள் முதலாவது இதுவே. முருகனுக்கு உரிய மலரென்றும், மகளிர் விரலுக்கு உவமையென்றும் பண்டைப் புலவர் இதனைப் போற்றினர். உழவரோ கிழங்கின் வடிவு கண்டு கலப்பைக்கிழங்கு என்றனர். பூவை உற்று நோக்கினாற் கண் வலிக்கும் என்றெண்ணிக் கண்வலிக்கிழங்கு என்றாரும் உளர். பூவைப் பழிக்கும் பெயர் அது, ஆயினும் நிலைத்துவிட்டது.

இன்று செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டிற்கும் தேசிய மலர். ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை இது பரவியுள்ளது. ஆதலின், உலகளாவிய இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதனைக் கவலை குறைந்த இனங்களுள் வைத்துள்ளது. ஆஸ்திரேலியக் கடற்கரை மணல்மேடுகளிலோ, வந்தேறிய களையென்று இதனைப் பிடுங்குகின்றனர்.

அங்ஙனமாயின் கவலை எதற்கு என்று கேட்கலாம். பட்டியல் உலகம் முழுவதையும் நோக்கிச் சொல்வது. ஓர் ஊரின் வேலியிலிருந்து ஒரு கொடி மறைந்தால் அதனை அப்பட்டியல் அறியாது. உலகிற் பலகோடி கிணறுகள் உள்ளன என்பதால் தன் ஊர்க் கிணறு தூர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார் உண்டோ?

காந்தள் குறைவதற்குக் காரணம் அதன் பயனே. விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. கௌட் என்னும் கடும் மூட்டு நோய்க்கு அது மருந்து. பயிர் ஆராய்ச்சியாளருக்கும் கருவி. எனவே காட்டிற் காயைப் பறிக்கின்றனர், கிழங்கையும் அகழ்கின்றனர். காயைப் பறித்தால் அடுத்த தலைமுறை இல்லை. கிழங்கை அகழ்ந்தால் இத்தலைமுறையும் இல்லை. உயிர்வேலி இருந்த இடங்களிற் கம்பிவேலி வருவதும் ஒரு காரணம். பற்றுவதற்குப் புதர் இல்லையேல் கொடி எங்கே ஏறும்?

ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் இதனைப் பயிராகவே வளர்க்கின்றனரே, பின் அழிவேது என்பர் சிலர். உழவர் பயிரிடுவது நன்றே. காட்டின் சுமை அதனாற் குறையலாம். ஆயினும் இம்மலரின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடிந்து நிற்பது. தானே கருவுறுதல் அரிது. வயலில் அப்பணியை மனிதர் நாள்தோறும் காலையிற் கையாற் செய்கின்றனர். காட்டில் அதனை வண்ணத்துப்பூச்சி செய்கிறது. வயற்பயிர் பெருகுவதால் மலைச்சரிவுக் காந்தள் பிழைத்ததென்று கொள்ளுதல், கூண்டுக்கிளியை எண்ணிச் சோலைக்கிளியின் தொகை கூறுவது போலாம்.

நச்சுக்கொடி ஆதலின் களைவதே நலம் என்பது மற்றொரு கூற்று. செடி முழுதும் நஞ்சு. கிழங்கும் விதையும் உயிரையே போக்கும். சிறுவர் அதனை வாயில் வைத்தல் கூடாது. ஆனால் அரளியும் நஞ்சே. அதனை வீட்டு வாயிலில் வளர்ப்போர் காந்தளை மட்டும் வெறுப்பதில் முறை இல்லை.

கோடையிற் கொடி முற்றும் காய்ந்து மடிய, மண்ணுள் கிழங்கு உறங்கும். மழை கண்டால் மீண்டும் தளிர்க்கும். அதற்கு வேண்டுவது சிறிது புதரும் சிறிது காலமுமே. கம்பம், சுருளிப் பக்கத்து ஊராட்சிகள் சாலையோரப் புதர் வெட்டும் வேலையைக் காய் முற்றி வெடிக்கும் வரை தள்ளிவைத்தாற் போதும். சிவந்த விதைகள் வேலியடியிலேயே விழும்.