கவுனில் காய்க்கட்டும் முந்திரி!

குழந்தைக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போனால் கண்ணில் படுவதெல்லாம் ஆப்பிளும் ஸ்ட்ராபெர்ரியும்தான். பனியனில் கரடி, கவுனில் பென்குயின். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்கிற குழந்தை பண்ருட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பார்ப்பது என்ன? காடாம்புலியூர் பக்கத்துச் செம்மண்ணும், முந்திரித் தோப்பும், அடிமரத்திலேயே தொங்கும் பலாவும் அல்லவா? அவை ஏன் அதன் சட்டையில் இல்லை?

"எந்தப் படமா இருந்தா என்ன, சாயம் போகாம இருந்தா சரி!" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் தட்டில் புதிதாக எதை வைத்தாலும் "வேணாம் போ!" என்று தள்ளிவிடுகிறதே, அது வெறும் பிடிவாதம் இல்லை. தெரியாத பொருளை வாயில் வைக்கத் தயங்குவது அந்த வயதின் இயல்பு. பல தடவை பார்த்து, தொட்டு, முகர்ந்த பிறகே தயக்கம் தெளியும். இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சி ஒன்று 2018-ல் வெளிவந்தது. அதில் பெற்றோர்கள் ஒரு காய்கறியின் படப் புத்தகத்தை 2 வாரம் தினமும் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். அப்படிப் படத்தில் பழகிய காயைக் குழந்தைகள் ஏற்றுக்கொள்வது எளிதாயிற்று.

அவர்கள் காட்டியது புத்தகம். நம் வீட்டில் புத்தகம் கிழியும். இல்லாவிட்டால் அலமாரியில் தூங்கும். சட்டையோ நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்கிறது. பட்டன் போடும்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசலாமே!

நமக்கு இது புதிதும் இல்லை. காஞ்சிபுரம் பட்டைப் பிரித்துப் பாருங்கள். மாங்காய், மல்லிமொக்கு, ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, மயில், அன்னம்! நெசவாளர் தன்னைச் சுற்றி இருந்ததைத்தான் தறியில் ஏற்றினார். பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு முந்தானையில் மாங்காய் எண்ணிய குழந்தைகள் எத்தனை பேர்!

இந்தக் கோடையில் முந்திரியிலிருந்தே ஆரம்பியுங்கள். குடைமிளகாய் போல ஒரு பழம், அதன் அடியில் கொக்கியாக வளைந்த கொட்டை. கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, ஓரத்துக்குச் சங்கிலித் தையல் போடுங்கள். பழத்துக்கு மஞ்சளோ சிவப்போ, கொட்டைக்குச் சாம்பல் நிறம். தைத்துக்கொண்டே சொல்லுங்கள்: "கொட்டைதான் முதல்ல வளரும். அப்புறம்தான் காம்பு உப்பிப் பழமாகும்!" முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்கிறாயே என்று நாம் திட்டுவது எத்தனை பொருத்தம் பாருங்கள்! பலாப்பழத்தை இலைக்கு நடுவில் தைத்துவிடாதீர்கள். பழுப்புத் துணியை நீளமாக ஒட்டுவேலை செய்து மரமாக்கி, அதிலேயே பழத்தைத் தொங்க விடுங்கள். முள்ளுக்கு முடிச்சுத் தையல். ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது என்று சொன்னால் வாய் பிளந்து கேட்கும்.

படத்தைத் தனித் துண்டுத் துணியில் போட்டு, ஓரத்தைத் தைத்து வையுங்கள். கவுன் சின்னதானாலும் பிரித்து அடுத்ததில் வைக்கலாம். நூலை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் தெரிந்துவிடும். மணி, ஜிகினா, தொங்கும் பொத்தான் வேண்டவே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. உள்பக்க முடிச்சு உறுத்தாமல் மெல்லிய பருத்தித் துணியால் மூடிவிடுங்கள்.

ஆனால் படம் என்பது அறிமுகம் மட்டும்தான். அதே வாரத்தில் நிஜப் பழம் வீட்டுக்கு வர வேண்டும். குழந்தை கையில் எடுத்துக் கவுனோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முந்திரிப்பழத்தில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம். தொண்டை காறும் என்பதால் சிறு துண்டாக, உப்பு தொட்டுக் கொடுங்கள். பச்சைக் கொட்டையை மட்டும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஓட்டிலிருக்கும் பால் பட்டால் தோல் வெந்துவிடும். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு முந்திரிப்பருப்பும் வேண்டாம், புரையேறும். பொடி செய்து பாலிலோ கஞ்சியிலோ சேர்க்கலாம். முதல் தடவை துளியளவு கொடுத்து, தடிப்போ அரிப்போ வருகிறதா என்று கவனியுங்கள். பலாச்சுளையைக் கொட்டை நீக்கி, பொடியாக நறுக்கிக் கொடுங்கள்.

"கவுன்ல இருக்கே, ஏன் சாப்பிட மாட்டேங்கற?" என்று மட்டும் மிரட்டாதீர்கள். பிடித்த கவுனே பிடிக்காமல் போய்விடும். இன்று நக்கிப் பார்த்தால் போதும், நாளைக்குக் கடிக்கும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது இந்த வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. பல வருஷத்து மரங்கள் ஒரே நாளில் போயின. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தோப்புகளை நாம்தான் காட்ட வேண்டும். பழையபடி ஆப்பிள் கவுனும் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் பக்கத்தில் ஒரு முந்திரிக் கவுனும் கொடியில் காயட்டுமே!

உங்கள் வீட்டுச் சட்டையில் என்ன காய்த்தது என்று எழுதுங்கள், சகோதரிகளே.