"ஆனா..."ன்னு நிறுத்திட்டுப் போகாதீங்க

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போன வருஷம் எங்க கோயில் மடப்பள்ளியில் நடந்தது. ஒரு பெரியம்மா, பல வருஷமா அன்னதானத்துக்குக் காய்கறி, அரிசி வாங்கி, பில்லெல்லாம் சேர்த்து வச்சுக் கணக்கு எழுதிட்டு இருந்தாங்க. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் சொன்னார்: "அவங்க நல்லவங்கதான். கணக்கும் சரியாத்தான் இருக்கும். ஆனா..."

அவ்வளவுதான். "சரி விடுங்க, கோயில்ல இதெல்லாம் பேச வேணாம்"னு கை கழுவ எழுந்து போயிட்டார்.

அந்த "ஆனா"வுக்கு அப்புறம் என்னன்னு அவர் சொல்லவே இல்ல. கேட்ட நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு போட்டு நிரப்பிக்கிட்டாங்க. ஒருத்தருக்கு அது அரிசி மூட்டை, இன்னொருத்தருக்கு மார்க்கெட் கமிஷன். ரெண்டு வாரத்துல பெரியம்மா காதுக்கும் போயிடுச்சு. கணக்குப் புத்தகத்தையும் பில்லையும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு அலுவலகத்துல வச்சுட்டுப் போனவங்கதான், இன்னிக்கு வரைக்கும் மடப்பள்ளிக்கு வரல. செயலவை உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துச்சு. ஒரு காசு குறையல.

அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன். "ஆனா என்ன?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். கேக்கல.

பேச்சைப் பாதியில நிறுத்துறது ஒண்ணும் புதுசு இல்ல. தமிழ் இலக்கணத்துல இதுக்குப் பக்கத்துல வர்றது 'ஒழியிசை'. தொல்காப்பியம் இடையியல்ல 'மன்', 'ஓ' ஆகிய சொற்களுக்கு உள்ள பொருள்கள்ல அதுவும் ஒண்ணு. சொல்லாம விட்ட மிச்சத்தைக் கேக்கிறவர்தான் எடுத்துக்கணும். "சாமி கும்பிடவோ வந்தாய்?"னு கேட்டா, வந்த வேலை வேறன்னு தானாப் புரியுதில்ல?

ரோமானியக் கவிஞர் வெர்ஜிலும் 'ஈனீட்' காவியத்துல இதைச் செஞ்சிருக்கார். கடல் தெய்வம் நெப்டியூன் புயல்காற்றுகளைக் கூப்பிட்டு மிரட்ட ஆரம்பிப்பார். என்ன தண்டனைன்னு சொல்றதுக்குள்ள நிறுத்திடுவார், ஏன்னா முதல்ல அலையை அடக்கணும். ஆனாலும் அவர் காற்றுகளோட முகத்துக்கு நேராத்தான் பேசினார்.

சன்னதியிலயும் பாதியில நிக்கிற பேச்சு உண்டு. "முருகா, என் புள்ளைக்கு..."ன்னு ஆரம்பிச்சு, மேல பேச முடியாம கண்ணைத் துடைச்சுக்கிட்டு நகர்ற எத்தனையோ பேரைத் தைப்பூசத்துல பார்த்திருக்கேன். மிச்சம் முருகனுக்குத் தெரியும். அது தொண்டை அடைச்சு நின்ன பேச்சு.

மடப்பள்ளியில நின்னது அப்படி இல்லீங்க. முழுசா சொன்னா ஆதாரம் கேப்பாங்க, அதனால நின்னது. முழுசா குற்றம் சாட்டினா பெரியம்மா பில்லைக் காட்டிப் பதில் சொல்லியிருப்பாங்க. பாதிப் பேச்சுக்கு எந்தப் பில்லைக் காட்டுறது? சொன்னவரைக் கேட்டா, "நான் ஒண்ணும் சொல்லலையே"ன்னு தப்பிச்சுக்கலாம்.

சந்தேகமே படக்கூடாதுன்னு சொல்ல வரல. கோயில் காசு பொதுக் காசு, கண்டிப்பா கேக்கணும். அதுக்கு இடம் இருக்கு. நம்ம நாட்டு 1966 சங்கச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள கணக்கோட அறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பணும். அந்தக் கூட்டத்துக்கு வாங்க. எழுந்து நின்னு, "இந்த மாசம் அரிசிக்கு ஏன் இவ்வளவு?"ன்னு முழு வாக்கியமா கேளுங்க. கேக்க மனசு வரலையா, தட்சிணாமூர்த்தி மாதிரி முழுசா மௌனமா இருங்க.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தாங்க. கோயில் பேச்சை மட்டும் எடுக்கவே இல்ல.

அடுத்த தடவை உங்க பக்கத்துல யாராவது "ஆனா..."ன்னு நிறுத்தினா, "ஆனா என்னங்க? சொல்லி முடிங்க"ன்னு கேளுங்க. நானும் இனிமே கேப்பேன்.

முருகா சரணம்.