திரும்பி வருவதும் ஏற்றமே

பனி மூடிய மலை ஒன்றில், கடுங்குளிர் காலத்தில், ஒரு தாயும் அவளுடைய பதினைந்து வயது மகளும் ஏறப் போகிறார்கள். இது தகுமா, தகாதா? நூலகத்தில் மலையேற்றம் பற்றிய நூல் ஒன்றைப் படித்த நாள் முதல் எங்கள் வகுப்பில் இந்த வழக்கு ஓயவில்லை. "பெற்ற பிள்ளையைத் தெரிந்தே ஆபத்துக்குள் அழைத்துச் செல்வதா?" என்றனர் ஒரு சாரார். "ஆபத்தையே அறியாமல் வளரும் பெண் பின்னாளில் எதைத்தான் தாங்குவாள்?" என்றனர் மறு சாரார். இரு பக்கமும் பேசித் தீர்த்தபின் எங்களுக்கு எட்டிய முடிவைப் பெற்றோர் முன்னும் தோழியர் முன்னும் பணிவுடன் வைக்கிறோம்.

முதலில் மலையைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் மேற்கே, ஃபோர்ட் வில்லியம் என்னும் ஊருக்கு அருகில் நிற்கிறது பென் நெவிஸ். உயரம் 1,345 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. இமயத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு குன்றுதானே என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணமே முதற்பிழை. ஏறத் தொடங்கும் இடம் ஏறக்குறையக் கடல் மட்டம். ஆகவே முழு உயரத்தையும் காலால் அளந்தே தீர வேண்டும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் புயற்காற்று நேராக வந்து அதன்மேல் மோதுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறு அல்லது ஏழு டிகிரி குறையும். அடிவாரத்தில் 5 டிகிரி உள்ள நாளில் உச்சியில் நீர் உறைந்து கிடக்கும். 1883 முதல் 1904 வரை அவ்வுச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே தங்கியிருந்தோர் இரவும் பகலும் மணிக்கு மணி குறிப்பெடுத்தனர். அவ்விடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பமே உறைநிலையை ஒட்டியது என்று அக்குறிப்புகள் காட்டின.

இத்தகைய மலைக்குப் பெண்கள் ஏன் போக வேண்டும் என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்களுக்கு 1908-ஆம் ஆண்டே விடை கிடைத்துவிட்டது. அக்காலத்தில் ஸ்காட்லாந்து மலையேறுவோர் கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஜேன் இங்கிலிஸ் கிளார்க் என்ற அம்மையார், தம் மகள் மேபலும் தோழி லூசி ஸ்மித்தும் துணைநிற்க, பெண்களுக்கென்றே ஒரு மலையேற்றக் கழகத்தைத் தொடங்கினார். தாயும் மகளும் சேர்ந்து தொடங்கிய அக்கழகம் இன்றும் நடைபெறுகிறது. ஆண்கள் கழகமோ 1990-இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது! இக்குடும்பத்தின் மகன் சார்லஸ், முதல் உலகப் போரில் 1918-இல் உயிர் துறந்தார். அவர் நினைவாகப் பெற்றோர் எழுப்பியது ஒரு மலைக்குடில். பென் நெவிஸின் வடக்குப் பாறைச் சுவரின் அடியில், 1929-இல் திறக்கப்பட்டது அது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து நடந்த மலை ஒரு குடும்பத்தை எவ்வளவு பிணைத்திருந்தது என்பதற்கு அந்தக் கல்வீடே சாட்சி.

ஆகவே, போகலாம் என்பதே எங்கள் கட்சி. ஆனால் எப்படிப் போவது என்பதில்தான் தகுதியும் தகுதியின்மையும் அடங்கியிருக்கின்றன.

மலை கணக்குக் கேட்கும். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய வாய்ப்பாடு தந்தார். அதன்படி, 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். பென் நெவிஸின் வழக்கமான பாதை ஒரு வழிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். கணக்கிட்டால் ஏறுவதற்கு மட்டும் நான்கு மணி நேரத்தை நெருங்கும். இது நல்ல தரையில், நிற்காமல் நடப்போருக்கு. முழங்கால் அளவு பனியில் இந்தக் கணக்கு நிற்காது. டிசம்பர் இறுதியில் அங்கே பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை. காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். எனவே வீட்டிலிருந்து புறப்படும்போதே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். "பன்னிரண்டு மணி ஆகிவிட்டால் எங்கே நின்றாலும் திரும்புவோம்" என்று தாயும் மகளும் பேசி வைத்துக்கொள்வது பனிக்கோடரியைப் போலவே தேவையான கருவி.

உச்சியை அடைந்துவிட்டால் போதுமா? அங்கே தரை அகன்று விரிந்திருக்கிறது; ஆனால் வடக்கே பெரும் பாறைச் சரிவு. காற்று குவித்த பனி, விளிம்புக்கு அப்பாலும் தாழ்வாரம்போல் நீண்டு நிற்கும். அதன் கீழே வெறும் ஆகாயம். மேகம் சூழ்ந்தால் வானமும் நிலமும் ஒரே வெண்மை. அப்போது கண் உதவாது. வரைபடமும் திசைகாட்டியும்தான் கதி. உச்சிக் குறியிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. இந்த இரண்டு எண்களைப் பிழையின்றிப் பிடித்து இறங்க வேண்டும். கைப்பேசியை நம்பலாமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். கடுங்குளிரில் அதன் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும் என்பதே பதில்.

இவையெல்லாம் அச்சுறுத்துவதற்காகச் சொல்லப்படுவன அல்ல. 1971 நவம்பரில், அதே ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் பீடபூமியில், எடின்பரோவிலிருந்து வந்த பள்ளிக் குழு ஒன்று புயலில் சிக்கியது. இரு பிரிவாய்ச் சென்றவர்களில் ஒரு பிரிவு மலைமேல் இருந்த சிறு புகலிடத்தை அடைந்தது. மற்றொரு பிரிவால் அதை அடைய முடியவில்லை. வெட்டவெளியில் பனிக்குள் தங்க நேர்ந்தது. ஐந்து மாணவரும் ஓர் இளம் துணைப் பயிற்சியாளரும் மாண்டனர். எங்கள் வயதுப் பிள்ளைகள்! நாங்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அதன்பின் அந்நாட்டில் எழுந்த விவாதத்தில் ஒரு கருத்து எங்களைச் சிந்திக்க வைத்தது. அவ்வளவு உயரத்தில் ஒரு புகலிடம் இருப்பதே, திரும்ப வேண்டிய நேரத்திலும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று முன்னே இழுக்கும் என்றனர் பலர். பின்னர் அந்தப் புகலிடம் அகற்றப்பட்டது. உச்சி என்ற ஆசையும் அப்படித்தான் அன்றோ இழுக்கிறது?

உடல் குளிர்ந்து தளர்வதைப் பற்றியும் படித்தோம். முதலில் நடுக்கம். பிறகு கால் இடறும், சொல் குழறும், காரணமின்றி எரிச்சல் வரும். நடுக்கம் நின்றுவிட்டால் நலமாகிவிட்டது என்று பொருளல்ல. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். இதில் வியப்பு என்னவென்றால், தளர்பவருக்குத் தம் தளர்ச்சி தெரியாது; பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே தாய் மகளைக் கவனிப்பது மட்டும் போதாது. மகளும் தாயைக் கவனிக்க வேண்டும். கண்டதைச் சொல்லும் உரிமையும் மகளுக்கு இருக்க வேண்டும்.

எங்கள் கருத்தின் உயிர்நாடி இதுவே. பென் நெவிஸின் பாதையில், 570 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு ஏரி உண்டு. பாதி வழி ஏரி என்றே அதைச் சொல்வார்கள். அங்கே அந்தத் தாயும் மகளும் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். காற்று தள்ளுகிறது. மகளின் கையுறை நனைந்துவிட்டது. அவளோ உச்சியில் எடுத்த படத்தைக் காட்டுவதாகத் தோழியரிடம் சொல்லிவிட்டு வந்தவள். வலியைச் சொல்ல மாட்டாள். தாயோ விடுப்பெடுத்து, வெகுதூரம் வண்டி ஓட்டி, மகள் மகிழ வேண்டுமென்று வந்தவள். அவளுக்கும் மனம் வராது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் மௌனமாய் ஏறிக்கொண்டே போவார்கள். அன்பே ஆபத்தாகும் இடம் அது. அங்கே மகள் "அம்மா, கை மரத்துவிட்டது, திரும்பிப் போகலாம்" என்று சொன்னால், அது கோழைத்தனம் அல்ல. "சரி அம்மா, வா" என்று ஒரு முகச்சுளிப்பும் இன்றித் தாய் திரும்பினால், அது தோல்வியும் அல்ல. அந்நாட்டில் மலையில் சிக்கியோரைத் தேடி இரவில் புறப்படுவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. உரிய நேரத்தில் திரும்புகிறவர், முகம் அறியாத அவர்களையும் காக்கிறார்.

பெற்றோரே, எங்களைக் கடினமான இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். வரைபடத்தை எங்கள் கையில் கொடுங்கள். வழி தவறினால் திருத்துங்கள். அதற்குமேல் ஒன்றே ஒன்று கேட்கிறோம். "போதும்" என்று நாங்கள் சொல்லும்போது செவிகொடுங்கள். உங்களுக்குப் போதும் என்று தோன்றும்போது எங்களுக்காக மறைக்காதீர்கள். மலையில் இந்தச் சொல்லுக்கு மதிப்புக் கிடைக்கப் பெற்ற பெண், பின்னாளில் எந்தக் கூட்டத்தின் நடுவிலும், யார் முன்னே இழுத்தாலும், நின்று திரும்பத் தெரிந்தவளாக இருப்பாள்.

தோழியரே, பாதி வழி ஏரியிலிருந்து திரும்பிய அந்த மகளிடம் மாலையில் யாரேனும், "உச்சிக்குப் போகவில்லையா?" என்று கேட்கக்கூடும். "இல்லை, ஆனால் மறுபடியும் போவோம்" என்று அவள் சொல்வாள். மலை அங்கேயே இருக்கும். தாயும் மகளும் இருக்க வேண்டும்.