சைக்கிளுக்கு வரி குறைந்தது, வழி எங்கே?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி சைக்கிளுக்கு வரி குறைந்தது. அதுவரை நூற்றுக்கு 12 ரூபாய் வரி. அன்று முதல் நூற்றுக்கு 5 ரூபாய்தான். வரி சேர்க்காமல் 6 ஆயிரம் ரூபாய் விலையுள்ள சைக்கிளுக்கு முன்பு 720 ரூபாய் வரி கட்டினோம். இப்போது 300 ரூபாய் கட்டினால் போதும். மிச்சம் 420 ரூபாய். ஒரு பூட்டும், ஒரு மணியும், பின்னால் மாட்ட ஒரு சிவப்பு விளக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

அதே நாளில் சின்னக் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வரி குறைந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. அந்த இரைச்சலில் சைக்கிள் செய்தி யார் காதிலும் விழவில்லை. சைக்கிளின் தலையெழுத்தே அப்படித்தான் போலும்!

சர்க்கார் சைக்கிளை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் “ஞாயிறு தோறும் சைக்கிள்” என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. மந்திரிகளும் விளையாட்டு வீரர்களும் சைக்கிள் ஏறினார்கள். ஜூன் 3-ந் தேதியை உலக சைக்கிள் தினம் என்று ஐ.நா. சபை 2018-லேயே அறிவித்துவிட்டது. தினம் இருக்கிறது, இயக்கம் இருக்கிறது, வரியும் குறைந்திருக்கிறது. ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால், எந்தப் பக்கம் ஓட்டுவது?

இரண்டு கூட்டம்

சென்னைக்குத் தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கே அங்கே சைக்கிள்கள் வந்துவிடுகின்றன. தலையில் ஹெல்மெட். உடம்போடு ஒட்டிய சட்டை. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு. டாக்டர்கள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், வியாபாரிகள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் எல்லாரும் வருகிறார்கள். சிலர் முட்டுக்காடு வரை போய்த் திரும்புவார்கள். சிலர் கோவளத்தில் இட்லி சாப்பிடுவார்கள். தெம்பு உள்ளவர்கள் மாமல்லபுரம் வரை போவார்கள். குளிர்காலத்தில் பறவை பார்ப்பதற்காக வேடந்தாங்கல் வரை மிதிப்பவர்களும் உண்டு. கழுத்தில் பைனாகுலர், பையில் கேமரா. ஒரு பொழுதுபோக்கு இன்னொரு பொழுதுபோக்கைக் கூட்டி வருகிறது.

இவர்கள் ஓட்டும் சைக்கிளில் சில, லட்சம் ரூபாய்க்கு மேல் விலை உள்ளவை. ஒரே விரலால் தூக்கிவிடலாம் போல அவ்வளவு லேசு.

அதே சாலையில், அதே நேரத்தில், இன்னொரு கூட்டமும் சைக்கிளில் போகிறது. காரியரில் பால் கேன் கட்டிய பால்காரர். இரவு வேலை முடித்து வீடு திரும்பும் காவலாளி. தூக்குச் சட்டியை ஹாண்டில்பாரில் மாட்டிய கட்டட வேலைக்காரர். இவர்களுக்கு ஹெல்மெட் இல்லை. மினுக்கும் விளக்கு இல்லை. பலருடைய சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து, காலைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்த வேண்டும்.

முதல் கூட்டத்தைப் பத்திரிகைகள் படம் எடுக்கின்றன. இரண்டாவது கூட்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. 2021 ஏப்ரல் 6-ந் தேதி சட்டசபைத் தேர்தலில் நடிகர் விஜய் நீலாங்கரையில் ஓட்டுப்போடச் சைக்கிளில் வந்தார். ஏன் சைக்கிளில் வந்தார், இதற்கு என்ன அர்த்தம் என்று நாடே பேசியது. பால்காரரும் தினமும் சைக்கிளில்தான் வருகிறார். அவரிடம் யாராவது அர்த்தம் கேட்டது உண்டா?

கணக்கைப் பார்த்தால் இரண்டாவது கூட்டம்தான் பெரிய கூட்டம். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார் இருந்த வீடுகள் நூற்றுக்கு 5 கூட இல்லை. விவசாயமும் வீட்டுத் தொழிலும் செய்கிறவர்களை விட்டுவிட்டு எண்ணினாலும், சுமார் 2 கோடி 60 லட்சம் பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள்.

மணிக் கணக்கில் வாடகை

சைக்கிள் ஓட்டுவது வேடிக்கை என்பது நமக்குப் புதிது அல்ல. வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு. நோட்டில் பேரும் நேரமும் எழுதிக்கொண்டு, நம்பர் போட்ட சைக்கிளைத் தருவார்கள். கால் எட்டாத பையன் என்ன செய்வான்? பாருக்கு அடியில் காலை விட்டு, உடம்பைக் கோணலாக வளைத்துக்கொண்டு மிதிப்பான். அதற்குப் பெயர் குரங்குப் பெடல். 2024-ல் அந்தப் பெயரிலேயே ஒரு சினிமாவும் வந்தது. முழங்கால் சிராய்க்காமல் சைக்கிள் கற்றவர் யாரும் இல்லை.

திருவிழாக் காலத்தில் சைக்கிள் சாகசக்காரர் வருவார். மைதானத்தில் வட்டம் போட்டு, இரவும் பகலும் கீழே இறங்காமல் பல நாள் சுற்றுவார். சைக்கிளில் இருந்தபடியே குளிப்பார், சாப்பிடுவார், பல்லால் குடத்தைத் தூக்குவார். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கும். ஊரே பாய் எடுத்துக்கொண்டு போய் உட்காரும். டிக்கெட் கிடையாது. இஷ்டப்பட்டவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள்.

சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் ஏற்பட்டது. லூதியானாவில் ஹீரோ சைக்கிள் 1956-ல் வந்தது. அந்த நாட்களில் சொந்தமாகச் சைக்கிள் வாங்குவது வீட்டில் ஒரு விசேஷம். சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினார்கள். பிறகு மொபெட் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிள் ஏழையின் வண்டி என்று ஆகிவிட்டது. கௌரவம் பார்ப்பவர்கள் அதை மொட்டை மாடியில் போட்டார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, அதே ஆட்கள் மாடி ஏறிச் சைக்கிளை இறக்கினார்கள். உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக் கிடந்தன. சைக்கிள் கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. பல இடங்களில் சரக்கே தட்டுப்பாடு. இப்போது ஞாயிறு காலையில் பார்க்கும் கூட்டத்தில் பலர் அன்று ஏறியவர்கள்தான்.

அது வரவேற்க வேண்டிய காரியம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள், தினம் அரை மணி நேரம். மார்க்கெட்டுக்கும் நூலகத்துக்கும் சைக்கிளில் போனாலே கணக்கு முடிந்துவிடும். தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம்.

பொழுது இருந்தால்தானே!

பொழுதுபோக்கு வேண்டுமானால் முதலில் பொழுது வேண்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமை 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகிறார். கைபேசியில் தூரத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறார். வந்தவுடன் சூடாகத் தோசை வேண்டும். அம்மா அந்த மூன்று மணி நேரமும் அடுப்படியில்! அவள் எப்போது சைக்கிள் ஏறுவது?

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலாராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தால் என்ன என்று யோசனை பிறந்தது. ஊரில் கேலி பேசினார்கள். பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விவசாயக் கூலிகள், கல் உடைப்பவர்கள், பூ விற்பவர்கள், நர்சுகள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை. அதனால் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அதில் ஒரு லாபமும் இருந்தது. முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது என்ன? பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரம் மிச்சம். தண்ணீர் எடுத்து வரும் நேரம் மிச்சம். அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விடட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியது இல்லை. சைக்கிள் அவர்கள் பொழுதைப் போக்கவில்லை. பொழுதைச் சம்பாதித்துக் கொடுத்தது. என்னைக் கேட்டால், எந்த ஞாயிற்றுக்கிழமைச் சவாரியைவிடவும் இதுவே பெரிய சவாரி.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு. 1990-களில் யுத்தமும் பொருளாதாரத் தடையும் இருந்தபோது, பெட்ரோல் கிடைக்காத அந்த ஊரைச் சைக்கிள்தான் தாங்கியது. 2022-ல் இலங்கை முழுவதும் பெட்ரோலுக்கு வரிசை நின்றபோது, கொழும்பிலும் சைக்கிளைத் தேடினார்கள். விலை எக்கச்சக்கமாக ஏறியது.

உயிருக்கு என்ன காவல்?

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32 ஆயிரத்துக்கு மேல். சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கு மேல். இந்தச் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் பெயர் செய்தித்தாளில் நாலு வரிக்கு மேல் வருவதில்லை.

ஒருவர் பெயர் மட்டும் நாடு முழுவதும் வந்தது. 2024 பிப்ரவரி 28-ந் தேதி விடியற்காலை, நவி மும்பையில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார் அவதார் சைனி. வயது 68. இன்டெல் கம்ப்யூட்டர் கம்பெனியின் இந்தியப் பிரிவுக்கு முன்பு தலைவராக இருந்தவர். பென்டியம் என்ற கம்ப்யூட்டர் சில்லை வடிவமைத்தவர்களில் ஒருவர். பின்னால் வந்த வாடகைக் கார் மோதியது. உயிர் போய்விட்டது. ஓட்டத் தெரியாதவர் அல்ல. விவரம் தெரியாதவர் அல்ல. அவர் போன சாலை சைக்கிளுக்கு இடம் வைக்காத சாலை.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வண்டியின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், மோதும் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நாலு மடங்கு ஆகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் அடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். 60-ல் மோதினால் பிழைப்பது அரிது. ஹெல்மெட் போடுவது நல்லது; கட்டாயம் போடுங்கள். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு முன்னால் ஹெல்மெட் எம்மாத்திரம்?

நெதர்லாந்து நாட்டைப் பார்த்து, “அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள்” என்று நம்மில் பலர் சொல்வது உண்டு. அப்படி அல்ல. 1971-ல் அந்தச் சிறிய நாட்டில் 3 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கு மேல் குழந்தைகள். “பிள்ளைகளைக் கொல்லாதே” என்று பெற்றோர் தெருவில் உட்கார்ந்தார்கள். 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. காலியாகக் கிடந்த பெரிய சாலைகளில் குழந்தைகள் ஸ்கேட்டிங் விளையாடின. தெரு இப்படியும் இருக்கலாம் என்று ஜனங்கள் கண்ணால் கண்டது அப்போதுதான். அதன் பிறகே சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் மளமளவென்று வந்தன. இன்று அங்கே மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். சாலையில் இறப்பவர்கள் ஆண்டுக்கு 700 பேர் அளவு. அவர்களிலும் சைக்கிளில் போகும் வயதானவர்கள் நிறைய என்பதால், அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

பணக்கார நாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு. அதன் தலைநகரம் பொகோட்டா. 1974-ல் தொடங்கி, அங்கே ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் முக்கியமான சாலைகளில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். காலை 7 மணி முதல் பகல் 2 மணி வரை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்தான் இடம். 120 கிலோமீட்டருக்கு மேல்! குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இதற்குப் புதிய சாலை போடவில்லை. தடுப்புக் கட்டையும் ஆட்களும்தான் செலவு.

நம் பக்கத்தில் ஹைதராபாத்தில் 2023 அக்டோபரில் ஒரு பாதை திறந்தார்கள். வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டர். மேலே சூரிய மின்சாரத் தகடுகளால் கூரை. வெயிலும் படாது, மின்சாரமும் கிடைக்கும். அழகான பாதைதான். ஆனால் அது ஊர் ஓரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சைக்கிள் ஓட்டுவதற்குச் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்! ஞாயிறு சவாரிக்கு அது போதும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவருக்கு அது எந்த வழி?

என்ன கேட்பது?

ஞாயிறு சைக்கிள்காரர்களுக்குப் படிப்பு இருக்கிறது. கலெக்டரையும் கமிஷனரையும் பார்க்கும் செல்வாக்கு இருக்கிறது. அவர்கள் தங்களுக்கு மட்டும் கடற்கரையோரம் ஒரு பாதை கேட்டால் கிடைத்துவிடும். நாலு நாள் பெயிண்ட் பளபளக்கும். ஐந்தாம் நாள் அதன்மேல் கார் நிற்கும். அதைவிட, பள்ளிக்கூடமும் தொழிற்பேட்டையும் இருக்கும் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு கேட்கட்டும். சாலை ஓரத்தில் மண்ணும் கல்லும் கொட்டாமல், நாலடி இடம் சுத்தமாக விடச் சொல்லட்டும். தெருவிளக்கு எரியச் சொல்லட்டும். அதில் இரண்டு கூட்டமும் போகலாம்.

மூன்றாவது ஒரு கூட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தரும் திட்டம் வந்தது. பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகள் எல்லாருக்கும் என்று அது விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள் இப்படிப் பள்ளி மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போகின்றன. காலை எட்டரை மணிக்கு நாலு வழிச் சாலை ஓரத்தில் பாருங்கள். புத்தகப் பையைக் காரியரில் வைத்துக்கொண்டு, இரட்டைப் பின்னலோடு நிற்கிறாளே ஒரு பெண், லாரி போகட்டும், பஸ் போகட்டும் என்று. சாலையைக் கடக்க அவளுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தில் எண்ணிப் பாருங்கள்.