எறும்பும் அரிசி மூட்டையும்

"ஸார், நீங்க பத்திரிகைல எழுதறவர். போதாததுக்கு பி.காம். வேற. நீங்கதான் நடுவர்!" என்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு: 'சிக்கனத்தின் சிறப்பு'. கேட்டதும் என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

உலக சிக்கன நாளுக்கான போட்டி அது. 1924-ல் இத்தாலியில் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகள் மாநாடு, அக்டோபர் 31-ஐ அதற்கென்று ஒதுக்கியது. அது இந்திரா காந்தியின் நினைவு நாளாகிவிட்டதால் இந்தியாவில் 30-ம் தேதியே கொண்டாடுகிறோம்.

வந்தவை 43 கட்டுரைகள். முப்பதில் எறும்பு ஊர்ந்தது. எட்டில் தேனீ பறந்தது. நாலில் சிறுதுளி பெருவெள்ளமாகி என் மேஜையை நனைத்தது. பாக்கி ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியது.

'அப்பாவுக்கு சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. வேலை இருந்தால்தான் கூலி. ரேஷன் அரிசி பாதி மாசத்துக்கு வரும். மீதிக்குக் கடைதான். 25 கிலோ மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு நாலு ரூபாய் குறையும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் மூட்டைக்கு மொத்தமாகப் பணம் வேண்டும். அதனால் ஒவ்வொரு கிலோவாக வாங்குகிறோம். மூட்டை வாங்குகிறவர்களுக்கு நூறு ரூபாய் மிச்சம். நாங்கள் அந்த நூறைக் கடைக்காரருக்குக் கொடுக்கிறோம். சிக்கனமாக இருப்பதற்கும் முதலில் பணம் வேண்டும்.'

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று நான் மூணு வருஷம் காலேஜில் படித்தேன். மொத்தமாக வாங்க முடியாதவர்களுக்கு அதுவே அபராதம் என்று எந்தப் புரொபஸரும் சொல்லித் தரவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா சிக்கனத்தோட சிறப்பைச் சொல்லவே இல்லையே ஸார்! தலைப்பை விட்டு விலகிட்டா" என்றார் இன்னொரு நடுவர். "தலைப்புதான் ஸார் அவ வீட்டை விட்டு விலகியிருக்கு" என்று வாதாடிப் பார்த்தேன். ஊஹூம். முதல் பரிசை எறும்பு தட்டிக்கொண்டு போயிற்று. இவளுக்கு ஆறுதல் பரிசு. ஒரு பிளாஸ்டிக் உண்டியல்!

வறுமையைக் களத்தில் இறங்கி ஆராய்ந்ததற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தப் பெண்ணுக்கு ஆராய்ச்சிக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. சமையலறைக்குப் போனால் போதும்.

அடுத்த வருஷம் தலைப்பை மாற்றுங்கள் ஆசிரியர்களே! 'எங்கள் வீட்டு மாதக் கணக்கு' என்று கொடுத்துப் பாருங்கள். எறும்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இதை மனைவியிடம் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"இதைத் தெரிஞ்சுக்க நடுவராப் போகணுமாக்கும்? கல்யாணமான புதுசுல நானும் கிலோ கிலோவாத்தானே வாங்கினேன்... நீங்க என்னிக்காவது கேட்டீங்களா?"

பி.காம். வாயைத் திறக்கவில்லை.