உடலில் அணியும் ஒளி உஷ்ணமானி

நோயாளியின் ஆடையில் பொருத்தி, இரவும் பகலும் உடலின் உஷ்ணத்தை அளக்கவல்ல கண்ணாடி இழைக் கருவிகள் ஆராய்ச்சிச் சாலைகளில் உருவாகி வருகின்றன. இழையினுள் நுண்வரிகளை ஒளியால் பதிக்கலாம் என்பதை 1978-இல் கனடாவில் கென்னத் ஹில் குழுவினர் கண்டறிந்தனர். அவ்வரிகள் ஒரு குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். 1550 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில், உஷ்ணம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அவ்வலைநீளம் ஏறத்தாழ 10 பிகோமீட்டர் கூடும். இழையில் மின்சாரம் பாயாததால், வலிய காந்தப் புலத்திலும் அளவு பிறழாது.

ஆயினும், வளைந்து கொடுக்கும் தன்மையினாலேயே ஓர் இடர் நேர்கிறது. இழை பத்து லட்சத்தில் 8 பங்கு நீண்டாலே அலைநீளம் ஏறக்குறைய அதே அளவு மாறிவிடும். மூச்சினால் மார்பு விரிவதையும் கருவி ஜுரமெனக் காட்டக்கூடும். எனவே, இழுப்புப் படாத மற்றொரு வரிப்பகுதியை அருகில் அமைத்து ஒப்பிடுதல் வேண்டும். தோலின் உஷ்ணம் பொதுவாக உடலின் உள் உஷ்ணத்தினும் குறைவு என்பதும் மறக்கத்தக்கதன்று.

மேசைமீது அசையாது கிடக்கையில் காட்டிய துல்லியத்தை மட்டும் நம்பி இக்கருவியைக் கிராமச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்புதல் தகாது. நடந்து, குனிந்து, வியர்க்கும் உடலில் செய்த சோதனையின் முடிவுகளைக் களப்பணியாளர் கேட்டுப் பெறவேண்டும். அவ்வாறு கேட்பதன் காரணத்தை மாணவர்க்கு விளக்குதல் ஆசிரியரின் கடமையாகும்.