முதியோர் நலனில் ஊராரின் பங்கு

பக்கவாதத்துடன் கொண்டுவரப்படும் கிராமத்து முதியவர்களின் உறவினரிடம் நாங்கள் முதலில் கேட்பது, கை கால் விளங்காமல் போனது எத்தனை மணிக்கு என்பதையே. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பல வேளைகளில் இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. மகன் திருப்பூரில், மகள் சென்னையில். காலையில் பால் கொண்டுவந்தவர் பார்த்தபோது அம்மா தரையில் கிடந்தார் என்பதோடு விவரம் முடிந்துவிடுகிறது. எங்களிடம் ஊசி இருந்தும் போட இயலாமல் நிற்கிறோம்.

2011 கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். முதியவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீடுகள் இன்று எல்லாக் கிராமங்களிலும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம். ஆயினும் மருந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்ல வேண்டிய தன்னார்வலர், அந்த மாத்திரை நாள்தோறும் உட்கொள்ளப்படுகிறதா என்பதை எவ்வாறு அறிவார்? அதை அறியக்கூடியவர் எதிர்வீட்டுக்காரர் ஒருவரே.

ஜப்பானின் நாகானோ மாகாணம் ஒரு காலத்தில் பக்கவாத மரணங்கள் மிகுந்த மலைநாடு. 1945இல் அங்குள்ள சாகு மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் தோஷிகாசு வாகாட்சுகி, நோயாளிகள் வரட்டும் என்று காத்திராமல் கிராமங்களுக்குச் சென்றார். ஊழியர்களுடன் நாடகம் போட்டும் நோய்களை விளக்கினார். 1959இல் யாச்சிஹோ கிராமத்தில் ஊரார் அனைவருக்குமான உடற்பரிசோதனை தொடங்கியது. சமையலில் உப்பைக் குறைக்கும்படி வீடு வீடாகச் சொன்னவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண், பெண் இருபாலரின் ஆயுளிலும் நாகானோவே ஜப்பானில் முதலிடம் பெற்றது. மருத்துவர்கள் மட்டும் முயன்றிருந்தால் இது நடந்திராது என்பது எங்கள் எண்ணம். ஊறுகாயும் கருவாடும் இல்லாமல் சோறு இறங்காத நம் பெரியவர்களும் மருத்துவர் சொல்லைவிடப் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதையே கேட்கிறார்கள்!

இதில் எங்கள் தவறும் உண்டு. வீடு திரும்பும்போது தரும் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பிவிடும் மகனிடம் விளக்குகிறோம். முதியவருடன் அன்றாடம் இருப்பவர் யார் என்று கேட்பதே இல்லை.

நம் ஊர்களில் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து செல்வோர் இருக்கின்றனர். தனியே வாழும் முதியவரின் கதவு காலையில் திறந்ததா என்று பார்ப்பதற்கு இவர்களுள் ஒருவர் போதும். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ மகனின் தொலைபேசிக்காகக் காத்திராமல் 108ஐ அழைக்கும் துணிவும் அவருக்கு வேண்டும். அந்த அனுமதியைப் பிள்ளைகள் முன்கூட்டியே தந்துவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் சாலையும் தெருவிளக்கும் பேசப்படுவதுபோல் இதுவும் பேசப்படலாம்.

நம் நோயை அயலாரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே, முதியவர் சம்மதித்தால் மட்டுமே இது நடக்க வேண்டும். சம்மதித்தால், வீடு திரும்பும் நாளன்று அந்த அண்டை வீட்டாரையும் உடன் அழைத்து வாருங்கள். மாத்திரைகளையும் ஆபத்தின் அறிகுறிகளையும் அவருக்குத் தமிழில் சொல்லித்தர நாங்கள் பத்து நிமிடம் ஒதுக்குகிறோம்.